ஏழுமலை கடை முகப்பில் ஏறிய படம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ரேக்கில் சோப்பை எந்த உயரத்தில் அடுக்குவது, காலாவதித் தேதியை எப்படிப் பார்ப்பது, பில்லிங் மெஷின் மக்கர் பண்ணினால் யாருக்குப் போன் போடுவது என்பதையெல்லாம் வேறு ஆட்கள் சொல்லித் தருவார்கள். எனக்கு அதற்குப் பொறுமை கிடையாது. இந்த வேலையில் என்னை ஒரேயடியாக உட்கார வைத்துவிட்ட ஒரு விஷயத்தைத்தான் சொல்லப் போகிறேன். கேட்டு முடித்ததும் உற்சாகம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதற்கு வேறு ஆளைப் பிடித்திருக்க வேண்டும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் நம் போர்டு தொங்குகிற கடைகளில் ஒன்றுகூட நம்முடையது இல்லை. ஒவ்வொன்றும் ஒரு மளிகைக்காரருடையது. அவர் இடம், அவர் முதல், அவர் நஷ்டம். எல்லாரும் சேர்ந்து சரக்கு எடுக்கிறார்கள், ஒரே பெயரில் போர்டு மாட்டுகிறார்கள், ஒரே விலை வைக்கிறார்கள். சங்கம் என்பது அவ்வளவுதான். உங்களுக்கு சூப்பர்வைசர் என்று பெயர் கொடுத்திருந்தாலும் நீங்கள் யாருக்கும் முதலாளி இல்லை. ஒரு கடைக்காரர் முடியாது என்று சொல்லிவிட்டால், அவர் கொடுக்கிற டீயைக் குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

ஆரம்பத்தில் இவர்களுடைய பழைய போர்டுகளைக் கழற்ற வைப்பதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது. ஒருவர் குலதெய்வத்தின் பெயரை வைத்திருப்பார், ஒருவர் மூத்த மகள் பெயரை. ஒலக்கூர் பக்கத்தில் ஒரு கடைக்காரர் என்னை வாசலிலேயே நிறுத்தி வைத்துக் கேட்டார்.

"எங்கப்பா பேர கழட்டிட்டு நீங்க சொல்ற பேர மாட்டணுமா? நாளைக்கு எம்பேரயும் மாத்திக்க சொல்லுவீங்களே சார்."

அவரை வழிக்குக் கொண்டுவர நான் எத்தனை தடவை அந்த வெயிலில் வண்டி ஓட்டினேன் என்று எனக்கே நினைவில்லை. கடைசியில் அவர் அப்பா பெயரைக் கல்லாவுக்குப் பின்னால் சாமி படத்துக்குக் கீழே ஒட்டிக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன்.

பேச்சே இல்லாமல் சம்மதித்த ஒரே ஆள் ஏழுமலை. பெயரை மாற்றித்தான் சொல்கிறேன். விழுப்புரத்தை ஒட்டி, வயலெல்லாம் மனையாகிப் போன புது நகர் ஒன்றில் அவருக்குக் கடை. ஆசிரியர்கள், பஸ் டிப்போவில் வேலை செய்கிறவர்கள், போலீஸ்காரர்கள் என்று எங்கெங்கிருந்தோ வந்து வீடு கட்டிய ஜனங்கள். யாருக்கும் யாரையும் பூர்வீகமாகத் தெரியாது. ஏழுமலையின் பழைய போர்டில் கழற்றுவதற்குப் பெயரே இல்லை. 'மளிகை' என்று மட்டும் எழுதியிருந்தது. இப்படியும் ஒரு மனிதரா என்று எனக்கு அன்றைக்கு ஆச்சரியமாக இருந்தது, அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

அந்தக் கடைக்குக் கூட்டம் வந்ததற்குக் காரணம் மாவு. ஏழுமலையின் மனைவி அஞ்சலை கடையின் பின்பக்கம் கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைப்பார். ஊற வைப்பதில் அவருக்கு ஒரு கணக்கு உண்டு, மழை நாளில் ஒரு மாதிரி, வெயில் நாளில் ஒரு மாதிரி. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வருகிறவர்கள் மாவுக்காக வண்டியை நிறுத்துவார்கள், நிறுத்தியதற்கு ஒரு சோப்பு, ஒரு பிஸ்கட், ஒரு எண்ணெய் பாக்கெட் என்று சேர்த்து எடுப்பார்கள். பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் பெட்டி ஓயாமல் கத்திக்கொண்டிருக்கும். அப்படி ஒரு கடை கையில் இருந்தால் சூப்பர்வைசருக்கு வேலையே இல்லை. நான் அங்கே போவதே பெரும்பாலும் தோசை சாப்பிடத்தான்.

பிறகு ஏழுமலை தன் மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் பத்திரிகை வைத்தார். திருவெண்ணெய்நல்லூர் பக்கம் அவருடைய சொந்த ஊரில் விசேஷம். பஸ்ஸை விட்டு இறங்கி வழி கேட்டேன். ஊருக்குள் போகிற ரோட்டைக் காட்டாமல் எதிர்ப்பக்கம் கரும்பு வயலுக்கு நடுவே போகிற ரோட்டைக் காட்டினார்கள். எங்கள் பக்கத்தில் பிறந்தவனுக்கு அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை. ஊர் என்று ஒன்று, காலனி என்று ஒன்று. தலைமுறை தலைமுறையாக நிலமில்லாமல் ஊர்க்காரர் நிலத்தில் பாடுபட்டவர்களின் பிள்ளை ஏழுமலை. நான் ஊர்ப்பக்கத்து ஆள், நிலமுள்ள வீடு. அவர் பந்தலில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்டேன். அதோடு அந்தப் பேச்சு எங்களுக்குள் முடிந்தது. அவர் போர்டில் ஏன் பெயரில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

இப்படிச் சில வருஷம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பெரிய கம்பெனிக்காரன் பைபாஸ் ஓரத்தில் கடை திறந்தான். ஏசி, தள்ளுவண்டி, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். போதாக்குறைக்குப் போனில் தட்டினால் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிற ஆட்கள் வேறு. நம் கடைக்காரர்கள் ஆடிப் போய்விட்டார்கள். திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டோம். விளம்பரக் கம்பெனியிலிருந்து சென்னைக்காரப் பையன் ஒருவன் வந்து மைக்கைப் பிடித்தான்.

"பெரிய கடையில முதலாளி யாருன்னு யாருக்கும் தெரியாது. உங்க கடையில முதலாளி கல்லாவுலயே உட்கார்ந்திருக்கார். அதுதாங்க உங்க பலம். எல்லாரும் ஒரே பேரை மாட்டிக்கிட்டு உங்க முகத்தை மறைச்சு வெச்சிருக்கீங்க. முகப்புல உங்க படத்தைப் போடுங்க. அப்பா அம்மா படத்தைப் போடுங்க. சொந்த ஊர் பேரைப் போடுங்க. கடைக்காரர் நம்ம பக்கத்து மனுஷன்னு ஜனங்களுக்குத் தெரியட்டும்."

அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. வியாபாரம் தெரிந்தவன் பேச்சு. பெயரை இழந்ததற்கு உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார்ந்து கைதட்டினார்கள். அந்த ஒலக்கூர்க்காரர் எழுந்து நின்றே தட்டினார். நான் மட்டும் ஏழுமலை எங்கே என்று தேடினேன். நடு வரிசையில் ஏழுமலை உட்கார்ந்திருந்தார். கைதட்டவும் இல்லை, தட்டாமலும் இல்லை, இரண்டு கைகளையும் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தார்.

எல்லாக் கடைக்கும் இது கட்டாயம் என்று தீர்மானம் வந்தது. யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். நான் எழுந்தேன்.

"விருப்பப்பட்டவங்க மட்டும் வெச்சிக்கலாம்னு போட்டுக்கலாங்க. கட்டாயம்னு வேணாமே."

பின்னாலிருந்து ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். "ஏன் சார், அப்பா படத்த வெக்க விருப்பம் இல்லாத ஆளு இங்க யாருனா இருக்காங்களா? எந்திரிக்க சொல்லுங்க, பாக்கலாம்."

மண்டபமே சிரித்தது. விளையாட்டாக எல்லாரும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், யார் அந்த ஆள் என்று. ஏழுமலை தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். நான் இன்னும் ஒரு வாக்கியம் பேசினால் ஏன் என்று கேட்பார்கள். காரணத்தைச் சொன்னால் எதை மறைக்க எழுந்தேனோ அதை நானே மைக்கில் சொன்னதாகிவிடும். உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்கும் ஒருநாள் இப்படி வரும். ஒருவரைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சபையில் எழுந்திருக்கும் முன்பு, ஏன் என்று கேட்டால் என்ன சொல்வோம் என்று யோசித்துவிட்டு எழுந்திருங்கள். நான் யோசிக்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் சங்கத்தின் தலைவரைத் தனியாகப் பிடித்தேன். அரிசி மொத்த வியாபாரி. இந்தக் கடைகளையெல்லாம் ஒன்று சேர்த்தவர் அவர்தான். பேச்சை வளர்க்க மாட்டார், நறுக்கென்று பேசுவார். நான் மென்று விழுங்கி ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏழுமலை சமாச்சாரம்தான? அவன் எந்தத் தெருன்னு எனக்கு மொத நாளே தெரியும்யா. யார்கிட்டயாச்சும் நான் வாயத் தொறந்தேனா?"

"இல்லீங்க."

"அப்ப நீ ஏன் மேடையில எந்திரிச்சு பேஜாரு பண்ற? போயி அவனையே கேளு. வேணான்னு சொன்னான்னா, போர்டு அடிக்கிறவன் லேட்டு பண்றான்னு எதனா சாக்கு சொல்லிக்கினு நான் தள்ளிப் போட்டுடறேன். வேணும்னு சொன்னான்னா நீ குறுக்க நிக்காத. அவன் கடை அது."

சரியான பேச்சு. இன்றைக்கு யோசித்தாலும் அதில் எனக்குக் குறை சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். அஞ்சலை கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் ஏழுமலை கல்லாவைத் திறந்து ஒரு படத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். ஸ்டுடியோவில் எடுத்தது. வெள்ளை வேட்டி, சட்டை இல்லாத உடம்பு, தோளில் துண்டு. கேமராவைப் பார்க்கக் கூச்சப்படுகிற கண்கள்.

"எங்கப்பா சார். துண்ட தோள்ல போட்டுக்கினு எடுத்த ஒரே படம். ஸ்டுடியோ உள்ள போயி போட்டுக்கினாரு. வெளிய வந்ததும் எடுத்து இடுப்புல கட்டிக்கினாரு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

"நல்ல படம் ஏழுமலை. ஆனா கடை முகப்புல வேணாம். தலைவர் சாக்கு சொல்லித் தள்ளிப் போடறேன்னு சொல்லிட்டாரு."

அஞ்சலை ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார். "அதத்தான் சார் ராத்திரிலேர்ந்து நானும் சொல்லிக்கினு இருக்கேன். உம் பேர போடு, உம் மூஞ்சிய போடு, யாரு வேணாம்னது? மாமா படமும் ஊர் பேரும் வேவாரம் பண்ற எடத்துல எதுக்கு?"

"நீ சும்மா இரு." ஏழுமலை என்னிடம் திரும்பினார். "எத்தினி வருஷமா சார் இவ அரைக்கிற மாவ துன்றாங்க. கொழந்தைக்கு மொத மொத இட்லி ஊட்டணும்னு இங்க வந்து வாங்கினு போனாங்க. படத்த பாத்ததும் வாந்தி எடுத்துடுவாங்களா?"

"வாந்தி எடுக்க மாட்டாங்க. வாங்க மாட்டாங்க."

"உங்களுக்கு எப்டி சார் தெரியும்?"

எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவன். யார் கையிலிருந்து நெல்லை வாங்கலாம், யார் கையிலிருந்து சோற்றை வாங்கக்கூடாது என்பது எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்காமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதை அவரிடம் எந்த வாயால் சொல்வது? படத்தை அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு தணிந்த குரலில் சொன்னார்.

"எல்லாரும் அவங்கவங்க அப்பாவ வெக்கிறாங்க. நான் மட்டும் வெக்காம வுட்டா, எங்கப்பன நானே வேணாம்னு சொன்ன மாதிரி ஆயிடாதா சார்? ஊர்ல தலைய குனிஞ்சிக்கினு நடந்த மனுஷன். எங்கடையிலயாச்சும் நிமிர்ந்து நிக்கட்டுமே."

அவன் கடை அது என்று தலைவர் சொன்னது என் காதில் ஓடியது. நான் இன்னும் ஒரு தடவை வேண்டாம் என்றேன். பலமாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன்.

படம் ஏறியது. விளக்கு போட்ட போர்டில் ஆள் உயரத்துக்கு அவர் அப்பா, பக்கத்தில் ஏழுமலையும் அஞ்சலையும், கீழே ஊர் பெயர். அஞ்சலை ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். "மாமா நல்லாத்தான் இருக்காரு" என்றார். ஏழுமலை அதைக் கேட்டுவிட்டு உள்ளே போய் எல்லாருக்கும் டீ சொன்னார்.

கொஞ்ச நாள் ஒன்றும் நடக்கவில்லை. மாவு போய்க்கொண்டுதான் இருந்தது. நான்தான் வீணாகப் பயந்துவிட்டேன், காலம் மாறிவிட்டது, என் மண்டைதான் மாறவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன். அப்படித் திட்டிக்கொண்டதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் இருந்தது தெரியுமா? தான் நினைத்தது தப்பாகப் போனதற்காக ஒரு மனிதன் இவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்று எனக்கு அதற்கு முன்பு தெரியாது.

அந்த நகரில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் இருந்தார். தங்கமான மனிதர், அஞ்சலை மாவுக்கு முதல் வாடிக்கை. மகள் வீட்டுக்கு வெளியூர் போயிருந்தவர் திரும்பி வந்து அன்றைக்குத்தான் போர்டைப் பார்த்தார். நான் அப்போது கடையில் இருந்தேன். வாசலில் நின்று மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படத்தைப் பார்த்தவர் முகமெல்லாம் மலர்ந்து உள்ளே வந்தார்.

"யப்பா ஏழுமல, நீ நம்ம ஊரு அய்யாக்கண்ணு மவனா? சொல்லவே இல்லியேப்பா. எங்க தாத்தா செத்தப்ப உங்கப்பாதான் ஊர் ஊரா போயி சாவு சேதி சொல்லிட்டு வந்தாரு. எங்க வூட்டு தோட்டத்துப் பக்கம் வந்து நிப்பாரு, எங்கம்மா கூழு ஊத்துவாங்க. நல்ல மனுஷன்." பில் போட நின்றவர்கள் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா, அவரு புள்ள இன்னிக்கி எப்டி முன்னுக்கு வந்துட்டாருன்னு. பெருமையா இருக்கு."

சத்தியமாகச் சொல்கிறேன், அதில் ஒரு துளி விஷம் இல்லை. மனதார வாழ்த்தினார். ஏழுமலையின் தோளைத் தட்டினார், மாவு ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு போனார். வரிசையில் நின்ற ஒரு அம்மாள் மட்டும் கையில் இருந்த மாவு பாக்கெட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வூட்ல மாவு கீதுன்னு மறந்தே போயிட்டேன்" என்று சொல்லித் திரும்ப வைத்துவிட்டு, சோப்புக்கு மட்டும் பில் போட்டார்.

அதற்குப் பிறகு மாவு நின்றது. கடை நிற்கவில்லை, மாவு நின்றது. சோப்பு போனது, ஷாம்பு போனது, கம்பெனியில் மூடி போட்டு வந்தது எல்லாம் போனது. மாவு போகவில்லை, தயிர் போகவில்லை, அஞ்சலை வறுத்துப் பொட்டலம் போட்ட மல்லாட்டை, அந்த வேர்க்கடலைகூடப் போகவில்லை. யாரும் ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை, யாரும் முகத்தைத் திருப்பவில்லை. எல்லாரும் முன்னைவிட மரியாதையாகப் பேசினார்கள். மாவு வேணாமா என்று அஞ்சலை கேட்டால் மட்டும் ஆளுக்கொரு பதில் இருந்தது.

"சுகர் வந்துடுச்சும்மா. டாக்டர் அரிசி வேணாம்னுட்டாரு, கேப்பை சாப்ட சொல்லிக்கிறாரு."

நகருக்கே ஒரே மாதத்தில் சர்க்கரை வியாதி வந்துவிட்டது. அஞ்சலை அதை நம்பினார், அல்லது நம்பித்தான் பார்ப்போமே என்று நினைத்தார். கேப்பையை முளைகட்டி, அரைத்து, கேப்பை தோசை மாவு போட்டு, பாக்கெட்டை வாசலிலேயே தெரிகிற மாதிரி அடுக்கினார். நான் போனபோது பாக்கெட்டுகள் புளித்து உப்பி நின்றன. கேப்பை மாவையும் யாரும் எடுக்கவில்லை. அந்தம்மா வாளியில் ஒவ்வொன்றாகக் கத்தரித்து ஊற்றிக்கொண்டிருந்தார். நான் அருகில் போனதும் நிமிராமலே பேசினார்.

"அன்னிக்கி நீங்க இன்னும் கொஞ்சம் கத்தியிருக்கலாம் சார். அவரு நான் சொன்னா கேக்க மாட்டாரு. நீங்க கத்தியிருந்தா கேட்டிருப்பாரு."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நேராக வாத்தியார் வீட்டுக்குப் போனேன். அன்பாக உட்கார வைத்தார். ஏன் சார் மாவு வாங்குவதில்லை என்று கேட்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல சார். நான் அவங்க வூட்லயே சாப்டுவேன். வூட்ல பொம்பளைங்கதான், சொன்னா கேக்க மாட்றாங்க. பெரியவங்க இருக்காங்க, சாமி கும்புடறாங்க. சண்ட போட்டுக்கினு இருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க."

உள்ளே ஒரு பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. அவர் காப்பி டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். சண்டைக்கு என்று போனவன் அவர் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வெளியே வந்தேன். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் இதே காப்பியும் இதே பதிலும்தான் கிடைக்கும். தலைவரிடம் போய் வழக்குப் போட முடியாதா என்று கேட்டேன்.

"யார் மேலய்யா போடுவ? திட்னவன் மேல போடலாம், அடிச்சவன் மேல போடலாம். மாவு வாங்காதவன் மேல எந்த ஸ்டேஷன்ல எழுதுவான்?" அவர் எதிரில் கிடந்த அரிசி மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. "படத்த கழட்டிடலாமான்னு கேட்டுப் பாரு."

கேட்டேன். ஏழுமலை முடியாது என்றார். கழற்றினால் தப்பு செய்தவன் ஆகிவிடுவேன் என்றார். கழற்றினாலும் பிரயோஜனம் இருந்திருக்காது, தெரிந்ததைத் தெரியாததாக ஆக்க எந்த போர்டு அடிக்கிறவனாலும் முடியாது. மாவுக்காக வண்டியை நிறுத்தியவர்கள் நிறுத்தாமல் போனார்கள். நிறுத்தாதபோது சோப்பும் வாங்கவில்லை, எண்ணெயும் வாங்கவில்லை. பணம் வந்ததைச் சொல்கிற பெட்டி வாயை மூடிக்கொண்டது. ரேக்கில் ஓட்டை விழ ஆரம்பித்தது. காலி ரேக்கைப் பார்த்தால் மிச்சமிருக்கிற ஆட்களும் போய்விடுவார்கள் என்று உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருப்பார்கள். அது மட்டும் சரியாக நடந்தது.

கடையை நம் சங்கத்திலேயே இன்னொரு கடைக்காரர் எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், ஏழுமலை பணத்துக்கு அலையக் கூடாது என்று நியாயமாகத்தான் நடந்துகொண்டார். அவருடைய அப்பா படம் முகப்பில் ஏறியது. ஏழுமலை தன் அப்பாவின் படத்தை யார் கையும் படாமல் தானே ஏறி இறக்கி, சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். புதுக் கடைக்காரர் கெட்டிக்காரர். என்னிடம் ஒன்று கேட்டார்.

"சார், மாவ மட்டும் அந்தம்மாவையே அரைச்சுக் குடுக்க சொல்லுங்க. அந்தக் கை யாருக்கும் வராது. அவங்க வூட்ல அரைக்கட்டும், நம்ம சங்கத்து பாக்கெட்ல போட்டு ஒட்டிக் குடுக்கட்டும். யாரு அரைக்கிறாங்கன்னு நமக்குள்ள இருக்கட்டும்."

இதைக் கொண்டுபோய் அவர்களிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. ஏழுமலை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அஞ்சலைதான் சரி என்றார். மகள் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள், சரி என்பதைத் தவிர அவருக்கு வேறு வார்த்தை இல்லை. இப்போது அந்த மாவு ஒரு கடைக்கு மட்டும் இல்லை, இன்னும் பல கடைகளுக்குப் போகிறது. நீங்களும் அதை அடுக்கப் போகிறீர்கள். எந்தக் கடை, எந்த ஊர் என்று என்னிடம் கேட்காதீர்கள். யார் அரைக்கிறது என்று வாடிக்கைக்காரர் கேட்டால் கம்பெனி மாவு என்று சொல்லுங்கள். இப்படிச் சொல்லச் சொல்லி உங்களுக்குப் பாடம் நடத்துவதற்கு எனக்கு நாக்கூசுகிறது. ஆனால் வேறு மாதிரி சொல்லிப் பார்த்ததன் விலை என்ன என்று நான் கண்ணால் பார்த்துவிட்டேன்.

நான் அன்றைக்குத் தடுத்திருக்க வேண்டுமா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு படுத்தால் தூக்கம் வருவதில்லை. தடுத்திருந்தால் கடை இருந்திருக்கும். அந்த மனிதர் தன் அப்பாவைக் கல்லாவுக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டே காலம் முழுக்க மாவு விற்றிருப்பார். அது நல்லது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தடுக்காததும் நல்லதாக இல்லை. எது சரி என்று தெரிந்த ஆள் உங்களில் யாராவது இருந்தால் வகுப்பு முடிந்ததும் வந்து சொல்லுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பு ஒருநாள் காலையில் அந்தக் கடைக்குப் போயிருந்தேன். வாத்தியார் மாவு ரேக்குக்கு முன்னால் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு பாக்கெட்டுகளைத் தூக்கிக் காட்டினார்.

"இந்தக் கம்பெனி மாவு நல்லாக்கீது சார். பழைய கடையில போட்டாங்களே, அதவிட இது ஒரு படி மேல. வூட்ல எல்லாருக்கும் இதுதான் புடிச்சிருக்கு."

பின்பக்கக் கதவு வழியாக ஏழுமலை மாவு டிரேயைத் தோளில் வைத்துக்கொண்டு அப்போதுதான் உள்ளே நுழைந்திருந்தார். வாத்தியார் அவரைப் பார்க்கவில்லை, பில் போடப் போய்விட்டார். ஏழுமலை டிரேயை இறக்கி வைத்தார், பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, பெயர் தெரிகிற மாதிரி முன்பக்கமாகத் திருப்பி அடுக்கினார். கடைசிப் பாக்கெட்டை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்தார்.

"அவரு சொன்னத அஞ்சலகிட்ட சொல்லிடாதீங்க சார். கேட்டா சந்தோஷப்படுவா."